ஒயின் திராட்சை: தட்பவெப்பம் என்ன செய்கிறது, மண் என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒயின் பற்றித் தெரிந்துகொள்ள வருபவர்கள் மண்ணையும் வெயிலையும் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். உதாரணங்களில் பல பிரான்சின் போர்தோ வட்டாரத்திலிருந்து வருகின்றன. ஒரே தட்பவெப்பத்துக்குள் மண் மட்டும் மாறினால் என்ன நடக்கும் என்பதை அங்கே பார்ப்பதுபோல வேறெங்கும் அவ்வளவு எளிதாகப் பார்க்க முடியாது.

1. பழக்கடைத் திராட்சையிலேயே ஒயின் போடலாமே, அதுக்குன்னு தனியா ஒரு திராட்சை எதுக்கு?

போடலாம், ஆனால் சாரமில்லாமல் வரும். சாப்பிடும் ரகங்களும் ஒயின் ரகங்களும் பெரும்பாலும் வைடிஸ் வினிஃபெரா என்ற ஒரே இனம்தான். சாப்பிடும் பழம் பெரிதாக, தோல் மெல்லியதாக, சதைப்பற்றோடு இருக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது. 16 முதல் 18 பிரிக்ஸ் (சாற்றில் நூற்றுக்கு எத்தனை பங்கு சர்க்கரை என்ற அளவு) இனிப்பிலேயே பறித்துவிடுவார்கள். ஒயின் ரகத்தின் பழம் சின்னது, தோல் தடித்தது, விதை உண்டு, 22 முதல் 25 பிரிக்ஸ் வரை கொடியிலேயே நிற்கும். நிறம், துவர்ப்பு, மணத்தின் பெரும்பங்கு எல்லாம் தோலில்தான் இருக்கின்றன. பழம் சிறுத்தால் சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும்.

ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்: சாற்றில் லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய 1 சதவீதம் ஆல்கஹால். 240 கிராம் இருந்தால் 14 சதவீதம்.

2. உலக வரைபடத்துல ஒயின் ஊர்கள் எல்லாம் ஏன் ரெண்டு பட்டையிலேயே இருக்கு?

வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய 30 முதல் 50 டிகிரி அட்சரேகைக்குள் அவை அடங்குவதற்குக் காரணம் கொடியின் உடம்பு. சராசரி வெப்பம் 10 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் அது துளிர்க்கும். குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்க வேண்டும். அந்தக் குளிர் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போனால் தண்டே செத்துப்போகும். 1956 பிப்ரவரிக் கடுங்குளிரில் போர்தோவின் கிழக்குப் பக்கத்தில் ஏராளமான கொடிகள் அப்படித்தான் அழிந்தன.

எவ்வளவு வெப்பம் கிடைக்கிறது என்பதை அளக்க, கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் அமெரினும் விங்க்லரும் 1944-இல் வெளியிட்ட முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்திலிருந்தும் 10-ஐக் கழித்து, மிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சராசரி 18 டிகிரி உள்ள நாளுக்கு 8 புள்ளி. மொத்தம் 1390-க்குக் கீழே வந்தால் மிகக் குளிர்ந்த வட்டாரம். பினோ நுவார், ரீஸ்லிங் போன்ற சீக்கிரம் பழுக்கும் ரகங்களுக்கானது. 2220-க்கு மேலே போனால் மிக வெப்பமானது. இது முதல் சல்லடை மட்டும்தான். இரவுக் குளிர், மழை, காற்று எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

3. வெயில் கூடினா இனிப்புக் கூடும். அது நல்லதுதானே?

இனிப்பு மட்டும் போதுமென்றால் நல்லதுதான். பழத்துக்குள் ஒரே நேரத்தில் மூன்று வேலைகள் நடக்கின்றன: சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது, தோலும் விதையும் பக்குவப்படுகின்றன. மூன்றும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தால்தான் ஒயின் நிறைவாக இருக்கும். கடும் வெயிலில் சர்க்கரை முந்திக்கொள்ளும். மாலிக் அமிலத்தைப் பழமே எரித்துத் தீர்த்துவிடும். வெப்பம் கூடக் கூட இது வேகமாக நடக்கும். தோல் பக்குவப்படும்வரை காத்திருந்தால் 15 சதவீத ஆல்கஹாலும் சப்பென்ற சுவையும். முன்னதாகப் பறித்தால் பச்சைத் துவர்ப்பு. வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும்போது இலையின் வேலை மந்தமாகிறது, கறுப்புத் திராட்சையின் நிறமும் குறைகிறது. இதனால்தான் இரவில் குளிரும் ஊர்களுக்கு மதிப்பு.

மறுபக்கம், வெப்பம் போதாத ஊரில் கபெர்னே சோவினியோன் என்ற ரகத்தை நட்டால் ஒயினில் குடைமிளகாய் வாசம் தூக்கும். அந்த வாசத்துக்குக் காரணமான பைரசின் என்ற சேர்மம் வெயிலிலும் வெப்பத்திலும்தான் குறையும். குளிர்ந்த ஊரின் புளிப்பைக் குறையென்றே பார்க்க வேண்டியதில்லை. ஷாம்பெய்ன் வட்டாரம் அந்தப் புளிப்பை வைத்தே நுரைக்கும் ஒயினில் பேர் வாங்கியது; அங்கே 10, 11 சதவீத ஆல்கஹால் வரும் நிலையிலேயே பறித்துவிடுவது நுரை ஒயினுக்குப் பொருத்தமாக இருக்கிறது.

4. ஒரே மழை, ஒரே வெயில். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ரகம், இந்தப் பக்கம் வேற ரகம் ஏன்?

இது போர்தோவைப் பார்த்தவர்கள் கேட்பது. கரோன், தோர்தோன் என்ற இரண்டு ஆறுகள் கூடி ஜிரோந்த் என்ற கழிமுகமாகின்றன. மேற்குக் கரையில் மெடோக், கிராவ்; அங்கே கபெர்னே சோவினியோன் ஓங்கி நிற்கிறது. கிழக்கே செந்தெமிலியோன், பொமெரோல், அங்கே மெர்லோ. இரண்டுக்கும் இடையே சில பத்துக் கிலோமீட்டர்தான். பதில் மண்ணில் இருக்கிறது.

மேற்குக் கரையில் பனியுகங்களில் ஆறு கொண்டுவந்து கொட்டிய சரளை மேடுகள். சரளை தண்ணீரை நிறுத்தாது. ஈரமில்லாத மண் வசந்தத்தில் சீக்கிரம் சூடேறும். கொடி முன்னதாகவே வேலையைத் தொடங்கும். மெர்லோவைவிட ஏறக்குறைய 2 வாரம் பின்தங்கிப் பழுக்கும் கபெர்னேக்கு இந்த முன்னேற்பாடு தேவை. அதே கபெர்னேயைக் குளிர்ந்த களிமண்ணில் நட்டால், பல ஆண்டுகளில் அக்டோபர் மழைக்குள் பழுக்காமல் நின்றுவிடும். மெடோக்கின் தாழ்வான பகுதிகள் ஒரு காலத்தில் சதுப்பு நிலம். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பிறகே பெருமளவில் திராட்சை அங்கே வந்தது.

பொமெரோலில் பெத்ருஸ் தோட்டம் இருக்கும் மேட்டில் நீலக் களிமண். இந்த வகைக் களி நனைந்ததும் உப்பி, விரிசல்களை மூடிக்கொள்ளும். அதனால் பெருமழை பெய்தாலும் நீர் உள்ளே நிறையாமல் மேலோடு ஓடிவிடும். வறண்ட ஆகஸ்டில் பிடித்து வைத்த ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மெர்லோ வறட்சிக்குச் சீக்கிரம் வாடுகிற ரகம், அதற்கு இது பொருந்துகிறது. எல்லாக் களிமண்ணும் இப்படி நடந்துகொள்ளும் என்று எண்ணிவிட வேண்டாம். வண்டலோடு கலந்த சாதாரணக் களியில் வேர் மூச்சுமுட்டி அழுகும்.

5. நல்ல வளமான மண்ணுல திராட்சை சரியா வராதாமே? கொடி கஷ்டப்பட்டாத்தான் ஒயின் நல்லா இருக்கும்னு சொல்றாங்க.

பாதி உண்மை. கஷ்டம் என்று பொதுவாகச் சொல்வதைவிட, சரியான நேரத்தில் வரும் மிதமான தண்ணீர்த் தட்டுப்பாடு என்று சொல்வதே பொருந்தும். போர்தோ பல்கலைக்கழகத்தின் ஜெரார் செகான் மெடோக்கின் பெயர்பெற்ற தோட்டங்களை ஆராய்ந்து காட்டியது இதைத்தான்: அந்த மண்களுக்குள் இரசாயன ஒற்றுமை இல்லை, தண்ணீரைக் கொடிக்கு அளந்து விடும் விதத்தில்தான் ஒற்றுமை இருந்தது.

காய் நிறம் மாறத் தொடங்கும்போது கொடியின் நுனி வளர்ச்சி நின்றிருக்க வேண்டும். தோட்டத்துக்குள் போய்க் கண்ணாலேயே பார்க்கலாம். நுனியில் இன்னும் விரியாத இளம் இலைகள் மேலே நீட்டிக்கொண்டும், பற்றுக்கம்பிகள் நுனியைத் தாண்டியும் நின்றால் கொடி இன்னும் வளர்கிறது, சர்க்கரை இலைக்கும் தண்டுக்கும் போகிறது. நுனி காய்ந்து சுருங்கி, விரிந்த இலைகள் அதை மறைத்தால் வளர்ச்சி நின்றுவிட்டது. இனி எல்லாம் பழத்துக்கு. தண்ணீரும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) தாராளமாக உள்ள மண்ணில் இந்த நிறுத்தம் வராது. இலை அடர்ந்து குலைமேல் நிழல் விழும், சாம்பல் நோய் பிடிக்கும், 3-ஆம் கேள்வியில் சொன்ன குடைமிளகாய் வாசமும் நிற்கும்.

அளவு மீறினாலும் கெடுதிதான். அடி இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தால், பழுக்க வைக்க இலையே மிஞ்சாது. தழைச்சத்து மிகவும் குறைந்த சாற்றில் ஈஸ்டுக்குத் தீனி போதாமல் நொதித்தல் பாதியில் நின்றுபோகும். லிட்டருக்கு 140 மில்லிகிராம் அளவுக்காவது ஈஸ்ட் எடுத்துக்கொள்ளும் நைட்ரஜன் வேண்டும்.

6. அப்ப, சரளை மண்ணுல வெச்சா தண்ணி இல்லாம கொடி காஞ்சு போகாதா?

ஒரு மீட்டர் ஆழக் களி கலந்த பசலை மண் கொடிக்குக் கிடைக்கும் வகையில் சுமார் 150 மில்லிமீட்டர் நீரைப் பிடிக்கும். மணல் 70 மில்லிமீட்டர். அந்த மணலில் 60 சதவீத இடத்தைக் கல் பிடித்துக்கொண்டால் 28 மில்லிமீட்டர்தான் மிச்சம். கோடையில் தோட்டம் நாளுக்கு 3 மில்லிமீட்டர் குடித்தால் அது 10 நாளைக்குக்கூடக் காணாது. சரளை மண்ணில் கொடியைக் காப்பாற்றுவது வேரின் ஆழம்: 3, 4 மீட்டர் இறங்கி, அடியிலுள்ள களிப் படுகையிலிருந்து உறிஞ்சும். வேர் இறங்காத இளங்கொடிதான் முதலில் வாடும். நட்ட முதல் சில ஆண்டுகளில் கைநீர் ஊற்றாமல் விட்டால் இழப்பு நிச்சயம்.

ஷாம்பெய்னின் வெண்சுண்ணக் கல் வேறு மாதிரி. நுண்துளைகள் நிறைந்த அந்தக் கல் ஒரு கன மீட்டருக்கு 300 முதல் 400 லிட்டர் நீரைப் பிடிக்கும். மேலே காயக் காய அடியிலிருந்து ஈரம் ஏறிவரும்.

7. சுண்ணாம்புக் கல்லுல வெளைஞ்ச ஒயின்ல சுண்ணாம்பு வாசம், பலகைக்கல்லுல வெளைஞ்சதுல கல் வாசம் வருமா?

வராது. பாறை கரைந்து ஒயினுக்குள் போவதில்லை. வேர் எடுப்பது நீரில் கரைந்த பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் போன்ற அயனிகளை. ஒயினில் அவை இருக்கும் அளவுக்குச் சுவையோ வாசமோ கிடையாது. கல்லுக்கே வாசம் இல்லை. நிலவியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் இதைப் பல ஆண்டுகளாக விளக்கி எழுதிவருகிறார். கல்லின் வாசம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் கூர்மையான புளிப்பும், நொதித்தலில் உண்டாகும் கந்தகச் சேர்மங்களும் சேர்ந்த உணர்வு. மண்ணின் பாதிப்பு உண்மைதான். அது நீர், வெப்பம், தழைச்சத்து ஆகிய வழிகளில் வருகிறது.

8. ஜெர்மனியில அவ்வளவு செங்குத்தான சரிவுல ஏறி ஏன் நடுறாங்க? சமதளத்துல வேலை சுலபமாச்சே.

மோசெல் பள்ளத்தாக்கு 50-ஆவது அட்சரேகையை ஒட்டியது. செப்டம்பர் 22 வாக்கில் அங்கே நண்பகல் சூரியனே 40 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். சமதளத்தில் நேர்க்கதிரின் 64 சதவீதம்தான் விழும். தெற்கு நோக்கிய 30 டிகிரிச் சரிவில் 94 சதவீதம். ரீஸ்லிங் பழுக்குமா, பழுக்காதா என்பது இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. கறுத்த பலகைக்கல் பகலில் வெப்பத்தை வாங்கி இரவில் விடுகிறது, கீழே ஆறும் குளிரைத் தணிக்கிறது. ப்ரெம் ஊரின் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 60 டிகிரியைத் தாண்டும். அங்கே இயந்திரம் ஏறாது, எல்லாம் கைவேலை.

சரிவுக்கு இன்னொரு பயனும் உண்டு. இரவின் குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலப் பள்ளம் நோக்கி வடியும். பிரான்சின் பர்கண்டி வட்டாரத்துக் கோத் தோர் சரிவில் மிக உயர்ந்த தரம் பெற்ற நிலங்கள் நடுச்சரிவில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உச்சியில் மண் மெலிசு, காற்று அதிகம். அடிவாரத்தில் ஆழமான ஈரமண், பனி. குளோ தெ வூஜோ என்ற 50 ஹெக்டேர் மதில் தோட்டத்துக்கு ஒரே பெயர், ஒரே தரம்தான். ஆனாலும் மேல்பகுதிக்கும் நெடுஞ்சாலையை ஒட்டிய கீழ்ப்பகுதிக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குபவர்கள் அறிவார்கள்.

9. ஏப்ரல் மாசத்துல தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி ஏத்தி வெச்ச படம் பார்த்தேன். அது என்ன?

உறங்கும் மொட்டு கடுங்குளிரைத் தாங்கும். விரிந்த துளிர் மைனஸ் 2 டிகிரியிலேயே கருகிவிடும். 2021-இல் பிரான்சில் மார்ச் இறுதி வெப்பத்தால் துளிர் முன்னதாகவே வந்தது. ஏப்ரல் முதல் வாரத்துப் பனி அதைத் தின்றுவிட்டது. 2017-லும் இதே கதை. அடுத்த மொட்டு துளிர்க்கும், ஆனால் அதில் குலை குறைவு, பழுப்பதும் தாமதம்.

துளிரைச் சூடாக வைக்கத்தான் அந்த மெழுகுவர்த்திகள்; இந்தப் பாரஃபின் வாளிகள் ஹெக்டேருக்கு 300 முதல் 500 வரை வேண்டும், செலவு கடுமை. காற்றாடி மேலே உள்ள சூடான காற்றைக் கீழே இறக்கும். மேலேயும் குளிராக இருந்தால் அதனால் பயனில்லை. ஷாப்லியில் தெளிப்பு நீர் பயன்படுகிறது: நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் பனிக்கட்டிக்குள் இருக்கும் துளிரை 0 டிகிரியிலேயே வைக்கும். பம்பை நடுவில் நிறுத்தினால்தான் ஆபத்து. ஈரம் ஆவியாகித் துளிரை முன்னைவிடக் குளிர்விக்கும். பனிக்கட்டி உருகி விழும்வரை ஓட வேண்டும். செலவில்லாத வழி, பனிப் பள்ளங்களில் கவாத்தைத் தள்ளிப்போட்டுத் துளிரைத் தாமதப்படுத்துவது.

10. மழை எவ்வளவு பெய்யணும்?

ஒரு பருவத்துக்கு 300 முதல் 700 மில்லிமீட்டர் நீர் கொடிக்குத் தேவை. ஆனால் மொத்த அளவைவிட எந்த மாதத்தில் பெய்கிறது என்பதே முக்கியம். குளிர்கால மழை மண்ணை நிரப்பும். பூக்கும் நேரத்து மழையில் பூ உதிர்ந்து குலை ஓட்டையாகும். பூத்ததிலிருந்து அறுவடைக்குச் சுமார் 100 நாள். கடைசி 3 வாரத்தில் பெய்தால் பழம் வெடித்துப் பூஞ்சணம் ஏறும். அடிச்சாம்பல் நோய்க்குத் தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு மூன்று பத்து: 10 டிகிரி வெப்பம், 10 மில்லிமீட்டர் மழை, 10 சென்டிமீட்டர் நீளத் துளிர். மூன்றும் சேர்ந்தால் மருந்தடிக்க வேண்டிய நேரம்.

பூஞ்சணத்தை விரும்பி வரவேற்கும் ஊரும் உண்டு. போர்தோவின் சோதெர்னில் சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு வெதுவெதுப்பான கரோனில் கலக்கும் இடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழும். அதில் போட்ரைடிஸ் பூஞ்சணம் பிடிக்கும். மதிய வெயில் அதை அடக்கி, பழத்தை வற்றவைத்து, இனிப்பைத் திரட்டும். மதியமும் மழை நின்றபாடில்லை என்றால் அதே பூஞ்சணம் குலையை அழுகவைக்கும்.

11. 2-ஆம் பதில்ல 30 டிகிரிக்கு மேலதான்னு சொன்னீங்க. நாசிக்கும் நம்ம கம்பமும் எப்படி?

நாசிக் 20-ஆவது அட்சரேகையில், ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும் என்பதால் கடலோரத்தைவிட அது குளிர்ச்சி. அங்கே கொடி தானாக உறங்குவதில்லை. அந்த வேலையைக் கவாத்து செய்கிறது. ஏப்ரலில் முதல் கவாத்து, அது அடுத்த பழத்துக்கான குச்சியை உருவாக்குவதற்கு. தென்மேற்குப் பருவமழை முடிந்து செப்டம்பர் இறுதி, அக்டோபரில் பழக் கவாத்து. அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. குளிர் இல்லாததால் மொட்டுகள் ஒரே சீராக விழிக்காது, அதனால் ஹைட்ரஜன் சயனமைடு தடவுகிறார்கள். பழம் குளிர்கால இரவுகளில் முதிர்வதால் புளிப்பு ஓரளவு நிற்கிறது. பிப்ரவரிக்குப் பின் வெப்பம் வேகமாக ஏறும். தாமதமாகக் கவாத்து செய்தவருக்கு 3-ஆம் பதிலில் சொன்ன சிக்கல் வரும்.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு இன்னும் தெற்கே, 10-ஆவது அட்சரேகைக்கும் கீழே. கவாத்தை மாற்றி மாற்றிச் செய்வதால் ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். மணம் அருமை, பெரும்பகுதி சாப்பிடும் பழமாகவே விற்கிறது. ஒயினுக்குப் புளிப்பைத் தக்கவைக்க வேண்டுமென்றால், குளிர்ந்த இரவுகளில் முதிரும்படி கவாத்தைத் திட்டமிட்டாக வேண்டும்.

12. கொடியெல்லாம் ஒட்டுக்கட்டினதுதானே? வேர் வேற செடியோடதுன்னா மண்ணுக்கு என்ன மரியாதை?

1863 வாக்கில் பிரான்சில் தலைகாட்டிய ஃபிலாக்ஸெரா என்ற பேன் வினிஃபெரா வேர்களைத் தின்று தீர்த்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர் அதைத் தாங்கியதால் ஒட்டுக்கட்டுதல் வந்தது. வேர்ச்செடி மண்ணை இல்லாமல் ஆக்கிவிடாது. எந்த மண்ணில் எது என்று தேர்ந்தெடுக்க வைக்கிறது. அமெரிக்க வேர்கள் பலவற்றுக்குச் சுண்ணாம்பு ஒத்துக்கொள்ளாது, இரும்புச்சத்து எடுக்க முடியாமல் இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் வெளுத்துப்போகும். அதற்கு 41 பி, ஃபெர்கால் என்ற வேர்ச்செடிகள். வறட்சிக்கு 110 ஆர். மகாராஷ்டிரத்தில் பரவலாக உள்ள டாக்ரிட்ஜ் உப்பைத் தாங்கும், ஆனால் கொடியை அளவு மீறித் தழைக்க வைக்கும். ஒயினுக்கு அது 5-ஆம் பதிலில் சொன்ன தொல்லை. மணலில் அந்தப் பேன் பரவ முடியாது. போர்ச்சுகலின் கொலாரெஸ் மணல் தோட்டங்களில் இன்றும் சொந்த வேரிலேயே கொடிகள் நிற்கின்றன.

13. மண் பரிசோதனை அறிக்கை கையில இருக்கு. அதை வெச்சு நடலாமா?

மேல்மண்ணை மட்டும் எடுத்த அறிக்கை போதாது. மேடு, நடு, பள்ளம் என்று நிலம் மாறும் இடமெல்லாம் ஒன்றரை மீட்டர் ஆழக் குழி வெட்டுங்கள். சுவரில் சாம்பல் நிறமும் துருப் புள்ளிகளும் தெரிந்தால் ஆண்டில் சில மாதம் அங்கே நீர் தேங்குகிறது. கடப்பாரைக்கும் அசையாத அடுக்கு இருந்தால் வேர் அங்கேயே திரும்பிவிடும். நடும் முன்பே உடைக்க வேண்டும். குழியில் நீர் ஊற்றி மறுநாளும் வடியாவிட்டால் வடிகால் இல்லாமல் நடாதீர்கள். 0–30, 30–60, 60–90 சென்டிமீட்டர் மண்ணைத் தனித்தனிப் பைகளில் அனுப்புங்கள். உப்பின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.5 டெசிசீமென்ஸைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். மொத்தச் சுண்ணாம்போடு நுண்துகள்களாக உள்ள செயல்படும் சுண்ணாம்பையும் அளக்கச் சொல்லுங்கள். வேர்ச்செடியை முடிவு செய்வது இரண்டாவது எண்தான்.

14. சொட்டு நீர் போட்டுட்டா மண் எதுவா இருந்தா என்ன?

அர்ஜென்டினாவின் மென்டோசாவில் ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர். ஆண்டிஸ் பனிநீர் இல்லாவிட்டால் தோட்டமே இல்லை. தண்ணீர் மனிதன் கையில் இருப்பதால் 5-ஆம் பதிலில் சொன்ன நிறுத்தத்தை அங்கே வால்வைத் திருகியே கொண்டுவருகிறார்கள். ஆனால் களிமண்ணில் வாரம் ஒருமுறை விடும் நீரை மணலில் இரண்டு நாளுக்கு ஒருமுறை விட வேண்டும். ஒரே வால்வில் இரண்டு மண்ணும் இருந்தால் ஒரு பக்கம் வாடும், ஒரு பக்கம் தழைக்கும். சொட்டுவாய்க்குக் கீழேயே வேர் சுருண்டுவிடும் என்பதும், உப்புநீரானால் நனைந்த வட்டத்தின் ஓரத்தில் உப்புப் படியும் என்பதும் கூடுதல் கவலைகள்.

15. வெப்பம் ஏறிக்கிட்டே போகுது. மண்ணை நம்பி வாங்கின பேரெல்லாம் நிலைக்குமா?

பர்கண்டியின் போன் நகரில் 1354 முதல் 2018 வரையிலான அறுவடைத் தேதிகளைத் தொகுத்த ஆய்வு, 1988-க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முந்திவிட்டதாகக் காட்டியது. போர்தோ 2021-இல் தூரிகா நாசியோனால், மார்செலான் உட்பட 6 புதிய ரகங்களுக்கு அனுமதி பெற்றது. தோட்டப் பரப்பில் 5 சதவீதமும் கலவையில் 10 சதவீதமும்தான் எல்லை. தென் இங்கிலாந்தின் வெண்சுண்ண மண்ணில் நுரை ஒயின் தழைக்கிறது. அந்த மண் எப்போதும் அங்கே இருந்தது. வெப்பம் இப்போதுதான் வந்தது.

மண் அப்படியே இருக்க, அதன் பொருள் மாறுகிறது. சரளையின் சூடு கபெர்னேக்கு வரமாக இருந்தது, குளிர்ந்த ஆண்டுகள் அதிகம் இருந்தபோது. 2022 போன்ற வறண்ட ஆண்டில் சரளையிலுள்ள இளங்கொடிகள் தவித்தன. களியும் சுண்ணாம்புக் கல்லும் உள்ள நிலங்கள் தாங்கின. அதனால் முன்பு குளிர்ச்சி என்று ஒதுக்கிய வடக்குச் சரிவுகளையும் உயரமான நிலங்களையும் இப்போது தேடிப் போகிறார்கள். புதிதாக நடுபவர் 30 ஆண்டுக்கு நிற்கும் கொடியை நடுகிறார். 2-ஆம் பதிலின் கணக்கைக் கடந்த 10 ஆண்டுத் தரவுக்கும் அதற்கு முந்தைய 30 ஆண்டுத் தரவுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்து, இடைவெளி பெரிதாக இருந்தால் ஒரு படி தாமதமாகப் பழுக்கும் ரகத்தையும் வறட்சி தாங்கும் வேர்ச்செடியையும் எடுப்பது நல்லது.